பொன்னியின் செல்வன்: புத்தகமா, படமா? ஒரு ஆடிட்டரோட கணக்கு

பொன்னியின் செல்வன் பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் இரண்டு கட்சியா பிரிஞ்சிடுவாங்க. "புத்தகத்தைக் கெடுத்துட்டாங்க" ஒரு கட்சி. "ரெண்டாயிரம் பக்கத்தை யாருங்க படிக்கிறது, படமே போதும்" இன்னொரு கட்சி. முதல் பாகம் வந்தது 2022 செப்டம்பர் 30, இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. இன்னும் இந்தச் சண்டை ஓயலை.

வழக்கமா டேர்ம் இன்சூரன்ஸ், பி.எஃப்., ஐ.டி.ஆர். என்று பேசுற எனக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கலாம். என் கட்சி இதுதான்: புத்தகத்துக்கும் படத்துக்கும் இருக்கிற வித்தியாசத்துல பெரும்பகுதி ரசனையால வந்தது இல்லை. காசு உள்ளே வந்த விதத்தால வந்தது. ஒண்ணு வாரா வாரம் வசூல் ஆனது. இன்னொண்ணு மொத்தமா கொட்டிட்டு, ரிலீஸ் அன்னைக்கு வாசலைப் பார்த்துக்கிட்டு நின்னது. எஸ்.ஐ.பி.க்கும் லம்ப்சமுக்கும் இருக்கிற வித்தியாசம்னு வெச்சுக்கோங்க. இதைப் புரிஞ்சுக்கிட்டா, மணிமேகலையை ஏன் வெட்டினாங்கங்கிறது கூட புரியும். உங்கள்ல யாராவது ராத்திரி உட்கார்ந்து செயலியில தொடர்கதை எழுதிக்கிட்டு இருந்தா, கடைசிப் பகுதி உங்களுக்குத்தான். (படமும் பார்க்கலை, புத்தகமும் படிக்கலைன்னா இங்கேயே நிறுத்திடுங்க. முடிவு வரைக்கும் சொல்லப்போறேன்.)

வாரா வாரம் வந்த காசு

கல்கி பத்திரிகையை ரா.கிருஷ்ணமூர்த்தியும் சதாசிவமும் 1941-ல் ஆரம்பிச்சாங்க. முதல் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? சினிமாவுல இருந்து. எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்துல நாரதரா நடிச்சு வாங்கின சம்பளம்தான் பத்திரிகைக்கு மூலதனம். கல்கிக்கு சினிமா அந்நியமும் இல்லை. 1939-ல் அவரோட 'தியாக பூமி' ஆனந்த விகடன்ல தொடரா வந்துக்கிட்டு இருந்தப்பவே, கே.சுப்பிரமணியம் அதைப் படமா எடுத்துக்கிட்டு இருந்தார். படத்தோட ஸ்டில்களே தொடருக்குப் படங்களா அச்சாச்சு. இன்னைக்கு ஓ.டி.டி. கம்பெனிகள் பெருசா பேசுற விஷயத்தை அவங்க அப்பவே பண்ணிட்டாங்க.

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர்ல ஆரம்பிச்சு 1954 மே வரைக்கும் ஓடுச்சு. மூன்றரை வருஷம், 5 பாகம், 293 அத்தியாயம். இதை ஒரு பிசினஸா பாருங்க. வாசகர் மொத்தமா காசு கட்டலை. ஒவ்வொரு வாரமும் கடைக்குப் போய் ஒரு இதழ் வாங்கினார். அடுத்த வாரமும் வாங்க வைக்கணும், அவ்வளவுதான் கல்கியோட டார்கெட். அதனாலதான் பல அத்தியாயம் யாரோ கதவைத் தட்டுறதுலயோ, ஒரு உருவம் நிழல்ல மறையறதுலயோ முடியுது. அதே சமயம், வாசகர் கையில இருக்கிற வரைக்கும் அவசரமே இல்லை. ஆழ்வார்க்கடியான் வழியில நின்னு சைவர்களோட வாதம் பண்ணலாம். வந்தியத்தேவன் சோழர் வரலாறு கேட்கலாம். ஒரு பக்கம் கூடுதலா எழுதினா கூடுதல் செலவு காகிதமும் மையும்தான்.

யானைப்படை வேணுமா? கல்கிக்கு ஒரு வரி. ஓவியர் மணியத்துக்கு ஒரு படம். மணிரத்னத்துக்கு? ஆள், உடை, மிருகத்துக்கு அனுமதி, கிராஃபிக்ஸ், அத்தனை பேருக்கும் மூணு வேளை சாப்பாடு.

ஐந்தரை மணி நேரத்துக்குள்ள

இரண்டு பாகமும் சேர்த்து 331 நிமிஷம். 293 அத்தியாயத்தால வகுத்துப் பாருங்க, ஒரு அத்தியாயத்துக்கு 68 விநாடி. பக்கத்துக்கு 2 நிமிஷம்னு நிதானமா படிக்கிறவருக்குப் புத்தகம் முடிக்க 65 மணி நேரத்துக்கு மேல ஆகும். ஆக, "ஏன் வெட்டினாங்க"ங்கிறது சரியான கேள்வி இல்லை. 65 மணி நேரத்தை 5½ மணி நேரமா ஆக்கும்போது எதைக் காப்பாத்தினாங்கன்னுதான் பார்க்கணும்.

நீளமா ஒரு வெப் சீரிஸா எடுத்திருக்கலாமேன்னு கேட்பீங்க. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' அப்படித்தான்: 2011 முதல் 2019 வரை 8 சீசன், 73 எபிசோடு. மாசச் சந்தா கட்டுற ஆள் இருந்தாதான் அந்தக் கணக்கு ஓடும். ஒரு வகையில கல்கி வார இதழோட மாடல்தான் அது. அங்கே சிக்கல் வேற மாதிரி வந்துச்சு. ஜார்ஜ் மார்ட்டின் ஐந்தாவது புத்தகத்தோட நின்னுட்டார், சீரியல் அவரைத் தாண்டி ஓடிப்போய் முடிவைச் சொந்தமா எழுதிக்கிச்சு. அந்த முடிவைத் திட்டாத ரசிகரைப் பார்க்கிறது கஷ்டம். மணிரத்னத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முழுப் புத்தகமும் மேஜை மேல இருந்துச்சு. நேரமும் காசும்தான் இடிச்சது.

இரண்டு பாகத்துக்கும் சேர்த்து சுமார் 500 கோடி பட்ஜெட்னு செய்திகள்ல வந்துச்சு. ஆடிட் பண்ணின எண் இல்லை, அதனால அதை ஒரு சைஸா மட்டும் எடுத்துக்கோங்க. ஷூட்டிங் 2019 டிசம்பர்ல தாய்லாந்துல ஆரம்பிச்சது. அடுத்த சில மாசத்துல கொரோனா. ஒரு உதாரணத்துக்கு, 100 கோடி ரூபாயை 18% வட்டிக்கு வாங்கி ஒரு வருஷம் சும்மா நின்னா 18 கோடி போச்சு. கல்கி ஒரு வாரம் எழுத முடியலைன்னா வாசகர் கோபப்படுவார், வட்டி ஏறாது.

வசூலையும் பாருங்க. 2022-ல் சென்னை மல்ட்டிப்ளெக்ஸ்ல டிக்கெட்டோட உச்சவரம்பு 150 ரூபாய். அது மேல 18% ஜி.எஸ்.டி. 27 ரூபாய், உள்ளாட்சி கேளிக்கை வரி 8% 12 ரூபாய். நீங்க கொடுத்த 189-ல் 39 ரூபாய் அரசாங்கத்துக்கு. மீதி 150-ஐ தியேட்டர், விநியோகஸ்தர், தயாரிப்பாளர் பிரிச்சுக்கணும். "500 கோடி வசூல்"னு போஸ்டர் பார்த்தா அது கிராஸ். உங்க சி.டி.சி.க்கும் கைக்கு வர்ற சம்பளத்துக்கும் இருக்கிற அதே இடைவெளி, இன்னும் மோசமா. (வடசென்னைக்காரங்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-லயே மூடிட்டாங்க. மாதவரத்துல இருந்து குடும்பத்தோட மாலுக்குப் போனா பார்க்கிங், பாப்கார்ன் கணக்கை நான் எழுத விரும்பலை.)

வெட்டுக்கு வருவோம். புத்தகம் ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீரநாராயண ஏரிக்கரையில தொடங்குது. ஒரு இளைஞன், ஒரு குதிரை, ஏரி நிறைய தண்ணி. சண்டை கிடையாது. படம் ராஷ்டிரகூடர்களோட போர்ல தொடங்குது, ஆதித்த கரிகாலன் வாளோட பாயறார். நாவல்ல கரிகாலனைப் பத்தி முதல்ல பேச்சாத்தான் கேட்போம், ஆள் வர்றதுக்கு நேரமாகும். விக்ரமுக்குச் சம்பளம் கொடுத்துட்டு அவரை ஒரு மணி நேரம் கழிச்சுக் காட்ட முடியுமா? இது நல்ல முடிவுன்னு நான் நினைக்கலை. ஆனா கணக்கு நோட்டைப் பார்த்தா தப்புன்னும் சொல்ல முடியலை.

மணிமேகலை மொத்தமா காணோம். கடம்பூர் கந்தமாறனோட தங்கச்சி. வந்தியத்தேவனை ஒருதலையா நேசிச்சவ. நாவல் முடியறதே அவளோட மரணத்துலதான். சோழ சாம்ராஜ்யம், பட்டாபிஷேகம் எல்லாம் ஆனப்புறம், கல்கி கடைசியா ஒரு சாதாரணப் பொண்ணு பக்கத்துல போய் உட்கார்ந்துக்கிறார். புத்தகத்தை மூடும்போது தொண்டை அடைக்கிறது அதனாலதான். படத்துல அந்த நேரத்துக்கும் இடத்துக்கும் கரிகாலன், நந்தினி ஜோடிதான் வருது. இரண்டாம் பாகமே அவங்க இளமைக் காதல்ல தொடங்குது. புத்தகத்துல அது வேற வேற வாய் வழியா, ஞாபகமா வருது. நேர்ல காட்டினது லாபம்தான். ஐஸ்வர்யா ராயும் விக்ரமும் எதிரெதிரே நிற்கிற காட்சியை என்னால இன்னும் மறக்க முடியலை. கையில இருந்த பணத்தை ஒரே ஃபண்டுல போட்ட மாதிரி, அந்தக் காதல்ல போட்டாங்க. அது வளர்ந்தது. மத்ததுக்கு எதுவும் மிஞ்சலை.

எனக்கு உண்மையிலேயே வலிச்ச வெட்டு சேந்தன் அமுதனோடது. நாவல்ல, தஞ்சாவூர்ல பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கிற அந்தப் பையன்தான் செம்பியன் மாதேவியோட நிஜ மகன். இளவரசன் மதுராந்தகன்னு நாம நினைச்ச ஆள் வேற அம்மாவோட பிள்ளை. அருள்மொழி கிரீடத்தை எடுத்து அந்தப் பூக்காரப் பையன் தலையில வைக்கிறான். அவனைக் கட்டிக்கிட்ட படகோட்டிப் பொண்ணு பூங்குழலி ராணி ஆயிடறா. படத்துல இந்தக் குழந்தை மாற்றமே கிடையாது. பழைய மதுராந்தகன் மனசு மாறி, அவனுக்கே பட்டம். குழந்தை மாறின கதையை விளக்க ஒரு ஊமைத் தாய், ஒரு இரட்டைக் குழந்தை, பத்து நிமிஷமாவது ஃபிளாஷ்பேக் வேணும். அந்தப் பத்து நிமிஷம் இல்லை. அதனால அருள்மொழியோட தியாகம் படத்துல பெருந்தன்மையா மட்டும் நிக்குது. புத்தகத்துல அது உரிமை யாருக்குங்கிற கேள்விக்கு ஒரு தீர்ப்பாவும் இருக்கு.

இடையில ஒரு விஷயம் சொல்லாம போக முடியலை. மொத்தக் கதையும் கண்டராதித்தர் மகனுக்கா, சுந்தர சோழர் மகன்களுக்கா என்கிற வாரிசுச் சண்டைதான். உங்க வீட்டுலயும் இது வரலாம். பேங்க்ல நாமினி போட்டாச்சு, எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. நாமினி பணத்தை வாங்கி வெச்சுக்கிறவர், சொத்து சட்டப்படி வாரிசுகளுக்கு. பங்குகள் விஷயத்துலயும் நாமினி முழு உரிமையாளர் ஆக மாட்டார்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. உயில் எழுதுங்க.

கரிகாலன் கொலையும் அப்படித்தான். யார் குத்தினதுன்னு கல்கி கடைசி வரைக்கும் கை வைக்க விடலை. அதுக்கு வரலாறும் காரணம். காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கிற உடையார்குடி கல்வெட்டு, ரவிதாசன் முதலானவங்களைத் துரோகிகள்னு சொல்லி, அவங்க உறவுக்காரங்க வரைக்கும் நிலத்தைப் பறிமுதல் பண்ணின ஆணை. ராஜராஜனோட இரண்டாம் ஆட்சி ஆண்டு. சொத்து ஜப்தி உத்தரவுதான் கிடைச்சிருக்கு, கொலை நடந்த ராத்திரியோட சாட்சி கிடைக்கலை. கல்கி அந்த இருட்டை அப்படியே விட்டார். தியேட்டர்ல இருட்டு போதாது, காசு கொடுத்தவர் முகம் பார்க்கணும்னு நினைப்பார். படம் அந்த அறையில ஒரு பதிலைச் சொல்லிடுது.

மலிவானது கதைதான்

இந்தப் படத்தை முதல்ல எடுக்க நினைச்சவர் எம்.ஜி.ஆர். 1958-ல் 10,000 ரூபாய்க்கு உரிமை வாங்கினார். இயக்குநர் ஆகாத காலத்து மகேந்திரன் திரைக்கதையில உதவினார். விபத்துல அடிபட்டு எம்.ஜி.ஆர். மாசக்கணக்குல படுத்தார், படம் நின்னுச்சு. பிறகு உரிமையைப் புதுப்பிச்சும் எடுக்க முடியலை. அப்புறம் கமல்ஹாசன் முயற்சி பண்ணினார். மணிரத்னமே நடுவுல ஒரு தடவை ஆரம்பிச்சு, பட்ஜெட் தாங்காம விட்டார். 'பாகுபலி' இரண்டு பாகமா ஓடிக் காட்டினப்புறம்தான் இந்த அளவு காசு போடலாம்னு துணிச்சல் வந்துச்சு. இடையில 1999-ல் மேஜிக் லான்டர்ன் குழு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல நாடகமா போட்டாங்க. அந்த நாடகத்தை எழுதின இளங்கோ குமரவேல் பிறகு படத்தோட திரைக்கதையிலும் இருந்தார்.

அந்தப் 10,000-ஐ வருஷத்துக்கு 7% கூட்டு வட்டியில 64 வருஷம் ஓட விடுங்க. 2022-ல் சுமார் 7.6 லட்சம். பட்ஜெட்னு அடிபட்ட 500 கோடிக்குப் பக்கத்துல அது ஒரு நாள் டிபன் செலவு. கல்கி 1954-ல் காலமாயிட்டார். 1990-களோட கடைசியில தமிழ்நாடு அரசு அவரோட படைப்புகளை நாட்டுடைமை ஆக்கிடுச்சு. அதனால இன்னைக்கு யார் வேணாலும் அச்சடிக்கலாம், படம் எடுக்கலாம், நாளைக்கு 73 எபிசோடு சீரியலும் எடுக்கலாம். மதுரைத் திட்டத்துல இலவசமாவே படிக்கலாம். ஆனா நாவல் இலவசம்னா படமும் இலவசம் இல்லை. படத்துக்குன்னு எழுதின ஜெயமோகன் வசனம், ரகுமான் இசை, அந்த உடை, அந்த முகம் எல்லாம் அவங்க சொத்து. உங்க யூட்யூப் சேனலுக்கு தம்ப்நெயில் பண்றவங்க இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நீங்க எழுதறவரா இருந்தா

மாதவரத்துல என் ஆபீஸுக்கு வர்ற ஒரு தம்பி, லாரி முனையம் பக்கம் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில வேலை, கைக்கு 38,000. ராத்திரி எண்ணூர் முகத்துவாரத்தை வெச்சு ஒரு மாயாஜாலத் தொடர் எழுதறான். ஒரு நிறுவனம் 1,50,000 தர்றேன்னு ஒப்பந்தம் அனுப்பிச்சு. "எல்லா உரிமையும், எல்லா மொழியிலும், உலகம் முழுக்க, எப்போதைக்கும்." நாலு மாசச் சம்பளம் ஒரே தடவையில வருதுன்னா யாருக்குத்தான் கை நிற்கும்? "அண்ணா, எந்த ஐ.டி.ஆர். ஃபார்ம்?"னு மட்டும் கேட்க வந்தான். நான் ஒப்பந்தத்தைக் கேட்டேன்.

காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19. உரிமை மாற்றம் எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம்னு அர்த்தம். எந்த இடம்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். வாங்கினவர் ஒரு வருஷத்துல பயன்படுத்தலைன்னா, வேற மாதிரி எழுதாத வரைக்கும் அந்த உரிமை காலாவதி. அதாவது பேசாம விட்டா சட்டம் எழுத்தாளர் பக்கம். "எப்போதைக்கும், உலகம் முழுக்க"ன்னு கையெழுத்து போட்டா நாமளே அதைத் தூக்கிக் கொடுக்கிறோம். எம்.ஜி.ஆர். மாதிரி எடுக்க முடியாம போற தயாரிப்பாளர் நிறைய பேர் உண்டு. அப்போ கதை அவங்க அலமாரியில தூங்கும், உங்களால இன்னொருத்தருக்கும் கொடுக்க முடியாது.

2012 திருத்தத்துக்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கு. கையெழுத்து போட்ட நாள்ல வழக்கத்துல இல்லாத புது ஊடகத்துக்கு, தனியா பேர் சொல்லாத வரைக்கும், உரிமை போகாது. படத்துல இடம்பெற்ற எழுத்துக்கு, தியேட்டருக்கு வெளியே வர்ற வருமானத்துல எழுத்தாளரோட சம பங்கு ராயல்டியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது.

"அண்ணா, என் கதையில யாரையாவது வெட்டிட்டா?"ன்னு கேட்டான். பிரிவு 57 இருக்கு. உரிமையை வித்த பிறகும், தன் பேருக்குக் களங்கம் வர்ற மாதிரி சிதைச்சா எழுத்தாளர் தடுக்கலாம். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி, தன்னோட 'ஆப் கா பண்ட்டி' நாவலை 'சமய் கி தாரா'ன்னு படம் எடுத்தப்ப டெல்லி ஹைகோர்ட் போனார். 1986-ல் கோர்ட் இந்த உரிமையை விரிவா பேசுச்சு, கடைசியில இரண்டு தரப்பும் சமாதானமா முடிச்சுக்கிட்டாங்க. ஆனா ஒரு கதாபாத்திரத்தைக் குறைக்கிறது எல்லாம் சிதைவு ஆகாது. படம்னா வெட்டு உண்டு. எதை வெட்டக்கூடாதுங்கிறதை முதல்லயே எழுதி வாங்குறது கோர்ட்டை விட மலிவு.

வரி விஷயம் சுருக்கமா. 1,50,000-க்கு 10% டி.டி.எஸ்., 15,000 பிடிச்சுட்டுத்தான் வரும் (1961 சட்டத்துல 194ஜே, 2026 ஏப்ரல் முதல் புதுச் சட்டத்துல எண் மாறுது). ஃபார்ம் 16-ல இது இருக்காது, ஏ.ஐ.எஸ்.ல இருக்கும், மறைக்க முடியாது. புத்தக ராயல்டிக்கு 80க்யூக்யூபி-யில 3 லட்சம் வரைக்கும் கழிவு உண்டு. ஆனா பழைய வரி முறையில மட்டும். செயலியில வந்த தொடர் 'புத்தகம்' ஆகுமாங்கிறது தனிக் கேள்வி. கழிவை நம்பி ஒப்பந்தம் போடாதீங்க. ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. வேலையோட பாகமா எழுதினது முதலாளிக்குச் சொந்தம், சில கம்பெனிகள் வெளி வேலைக்கே முன் அனுமதி கேட்கும்.

தம்பியோட ஒப்பந்தம் இப்போ மூணாவது டிராஃப்ட்ல இருக்கு. "எப்போதைக்கும்" போய் மூணு வருஷம் ஆச்சு, தொகை 90,000-க்கு இறங்கிடுச்சு, புத்தக உரிமையும் ஆடியோ உரிமையும் அவன் கையில நின்னுடுச்சு. "எல்லா மொழியிலும்" மட்டும் அவங்க இன்னும் விடலை.